மூன்றரை நிமிட மணி

செருப்பு இன்னும் காலில் அகப்படவில்லை, அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இளநகை இருக்கையில் உட்கார்ந்தபடியே இடது காலால் மேசைக்கடியில் துழாவினாள். மூன்று மணி நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் பாதம் வீங்கிவிட்டது, வார் இறுக்கியது, கழற்றிவிட்டாள், இப்போது ஒன்று இருக்கிறது, இன்னொன்றைக் காணோம். மக்களவைக்குள் ஒற்றைச் செருப்பைத் தேடுகிற உறுப்பினர் என்று நாளைக்கு யாராவது எழுதினாலும் எழுதுவார்கள். மணி மூன்றரை நிமிடம் அடிக்கும். நூலகத்தில் அடிக்கும், உணவகத்தில் அடிக்கும், தாழ்வாரங்களில் அடிக்கும். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓடிவந்து அவரவர் இடத்தில் உட்கார வேண்டும், மணி நின்றதும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்திருக்க வேண்டியதுதான். ஆம் என்றவர்கள் சத்தம்தான் பெரிதாக இருந்தது, சபாநாயகரும் ஆம் என்றவர்களுக்கே வெற்றி என்று சொல்லிவிட்டார். எதிர்வரிசைதான் எழுந்து நின்று, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. எண்ணினால் மட்டும் மாறிவிடுமா. நூறு வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கப்போகிற மசோதா. கூட்டத்தோடு சேர்ந்து கத்தியிருந்தால் யார் கத்தினார்கள், யார் சும்மா வாயை அசைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும். அவள் வாயைத்தான் அசைத்தாள். இப்போது பொத்தானை அமுக்க வேண்டும், பலகையில் விளக்கெரியும், அச்சில் பேர் வரும். அந்த எதிர்வரிசைக்காரர்கள் மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. நியாயத்தைப் பேசுகிறவர்கள்தான் எப்போதும் இப்படி அடுத்தவரை மாட்டிவைக்கிறார்கள்.

மேசைமேல் மசோதா நகல், அதற்கடியில் கைப்பை, கைப்பைக்குள் புத்தகம். அவைக்குத் தொடர்பில்லாத புத்தகத்தை இங்கே எடுத்துப் படிக்கக் கூடாது. அவள் படிக்கவில்லை, பையில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பளத்தில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிய தடித்த நாவல். இன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை வாசித்து ஓரத்தை மடித்துவைத்தாள். தினமும் ஐந்தரை மணிக்குக் குடியிருப்பின் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் விழாமல் அதை அணைத்துவிட்டு, போனை டம்ளரில் சாய்த்துவைத்து வாசிப்பாள். இருபது நிமிடம். டெல்லி மயில்கள் அந்த நேரம் பார்த்துத்தான் மதிலில் வந்து உட்கார்ந்து அலறும். பதிவானதைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவாள். அங்கே கணவர் சவரிமுத்து பல்துலக்கிவிட்டுக் காத்திருப்பார். கல்யாணமான ஏழாம் வருஷம், பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். கண் அழுத்தம். இரண்டு வருஷத்தில் பலகை முழுக்கப் போய்விட்டது. அப்போதிலிருந்து அவள் வாசிக்கிறாள், முதலில் கேசட்டில், பிறகு எதெதிலோ. அவள் வாசித்தது அவருக்காக. அவரோ அதைத் தன்னிடம் படித்த பார்வையில்லாத பையன்களுக்கும், அவர்களுடைய கல்லூரித் தோழர்களுக்கும், தென்காசியில் ஒரு தையல்காரிக்கும் என்று நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்புகிறார். "அக்கா வீட்ல மயில் வளக்காங்களா சார்" என்று ஒருத்தி கேட்டாளாம். நாற்பத்து மூன்று பேர் அவள் தும்மலைக் கேட்டிருக்கிறார்கள். "எனக்குன்னு வாசிச்சா நீங்க கேளுங்க. ஊருக்கெல்லாம் எதுக்கு அனுப்புதீக?" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். "நல்லதுன்னா நாலு பேருக்குக் குடுக்காம என்ன செய்ய, இளா? பூட்டியா வைக்கச் சொல்லுத?" என்பார். பூட்டித்தான் வைக்கச் சொல்லுகிறார்கள். இந்த மசோதாவின் பதினோராவது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

செருப்பு விரலில் பட்டது, நழுவியது. பதினோராவது பிரிவை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். வெளிநாட்டோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் தொள்ளாயிரம் பக்கம். அதை இந்த அவையில் யாரும் ஓட்டுக்கு விடவில்லை, அது கையெழுத்தாகி வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்குத் தோதாக நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்துகிற மசோதாதான் இது. எழுத்தாளர் செத்து அறுபது வருஷம்வரை இருந்த உரிமை இனி எழுபது. அது தொலையட்டும். பார்வையற்றவர்களுக்காக ஒரு புத்தகத்தை ஒலியாக்கிக் கொடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்று இதுவரை இருந்தது. இனிமேல், அந்தப் புத்தகம் ஒலிவடிவில் விலைக்குக் கிடைக்குமானால் அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வேண்டாம். கிடைக்கவில்லை என்பதை யார் சொல்வது? பதிப்பகம்தான் எழுதித் தர வேண்டும். விற்கிறவனே என் கடையில் சரக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மசோதாவை ஆராய்ந்த குழுக் கூட்டத்தில் அவள் வீட்டுக் கதையையும் சொல்லி இதைக் கேட்டபோது எதிரே இருந்த அதிகாரி, மிகவும் மரியாதையான மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், மனைவி கணவருக்கு வாசிப்பதில் ஒன்றுமே இல்லை. கணவர் நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்புவதில்தான்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று அன்று முழுக்கக் கன்னம் வலித்தது. இந்த உப்பள நாவலின் பழைய பதிப்பகத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அதன் விற்பனைப் பட்டியலில் ஒலிப்புத்தகம் என்று ஒரு வரி இருக்கிறது, அமுக்கினால் விரைவில் என்று வருகிறது. இரண்டு வருஷமாக விரைவில் என்றுதான் வருகிறது. பட்டியலில் இருந்தால் கிடைப்பதாகத்தான் அர்த்தமாம், மேடம்.

மாற்றுக் கருத்து என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் கட்சி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். கூட்டணியில் இருக்கிறோம், இப்படி எழுத்தில் எல்லாம் வேண்டாம், அவையில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். திரும்ப வாங்கிக்கொண்டாள். சரி, அவையில் பேசலாம். பேசினாள் இல்லையா, மதியம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் செருப்பையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் பதினோராவது பிரிவை எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம், காலையில் மயில்களுக்கு நடுவே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். எழுந்து நின்றதும் வாய் தானாகத் தொடங்கியது. என்னை இந்த மாமன்றத்துக்கு அனுப்பிவைத்த தலைவர், அவருக்கு நான்கு பட்டங்கள், நான்கையும் விடாமல். பிறகு இளைய தலைவர், அவருக்கு இரண்டு. பிறகு அறிவாலும் உழைப்பாலும் என்று தொகுதி மக்கள். பிறகு, எப்போதும் பேசுகிறவர்கள் செய்கிறார்களே என்று, நாரைக்கிணறு நிலையத்தில் விரைவு ரயில் நின்றுபோக வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை. அந்த ரயிலுக்கும் பதிப்புரிமைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சொல்லாமல் உட்கார்ந்தால் நாரைக்கிணறுக்காரர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். தலைவர் பெயரைச் சொல்லாமல் தொடங்கினால் கட்சி அலுவலகத்திலிருந்து கேட்பார்கள். பதினோராவது பிரிவைச் சொல்லாமல் விட்டால் யார் கேட்பார்கள்? பெருமூச்சு விட்டு, மேலும், பதினோராவது பிரிவில் என்று அவள் தொடங்கியபோது சபாநாயகர் முடியுங்கள் என்றார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் இன்னும் அரை நிமிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள், பக்கத்து இருக்கைவரை கேட்டிருக்கும். அவைக்குறிப்பில் வராது. நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து யாராவது குறிப்பைப் புரட்டினால் நான்கு பட்டங்களும் ரயிலும் இருக்கும். பிறகு, மேலும், பதினோராவது பிரிவில். அதற்குமேல் ஒன்றும் இருக்காது.

வெளியே வந்து போன் செய்தபோது சவரிமுத்து தொலைக்காட்சிக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார். "நல்லாப் பேசின. தலைவர் பேரு கணீர்னு கேட்டுச்சு" என்றார். அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். "ரயிலு நிக்குமா?" என்றார். போதும் வையுங்கள் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "கேலி பண்ணத்தான் உக்காந்து பாத்தீகளாக்கும்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, "அத விடு. அந்த உப்பளத்துல, சங்க ரகசியத்த மொதலாளிகிட்ட யாரு சொன்னா? நேத்துல இருந்து மண்டையப் போட்டு ஒடைக்கேன். அடுத்த பக்கம் பாத்துட்டியா நீ? பாத்தாலும் சொல்லாத. நாளைக்கு வாசி" என்றார். மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எதிர்த்துப் போடு என்று சொல்லியிருந்தால், உங்களுக்கென்ன, பதவி போவது எனக்கல்லவா என்று சண்டை போட்டிருக்கலாம். பார்த்துச் செய் என்று சொல்லியிருந்தால், நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று அதற்கும் சண்டை போட்டிருக்கலாம். மனுஷர் உப்பளத்தைக் கேட்கிறார். அடுத்த பக்கத்தை அவள் பார்த்துவிட்டாள். சொன்னவன் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவன். மிரட்டியதாகவோ கைநீட்டி வாங்கியதாகவோ இல்லை. முதலாளி உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்துக் கேட்டார், அவன் சொன்னான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் வாசிப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளைக் காலை அந்தப் பக்கத்தைத் தன் குரலில் வாசிக்க வேண்டும். சளி என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போடலாம். இந்த ஊர்க் காற்றுக்கு எதுதான் வராது.

"ஏம்மா இளநகை, காலுக்கு என்ன ஆச்சு, நாட்டியம் ஆடுற?" என்றார் பக்கத்தில் அருள்நம்பி. கட்சியின் கொறடா. உள்ளங்கையில் மடித்த தாளை வைத்துக்கொண்டு தன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார், கன்னத்தில் தொண்டை மிட்டாய் துருத்திக்கொண்டிருந்தது. "செருப்பைக் காணோம்ணே." "அது கெடக்கட்டும், கை ரெண்டும் இருக்கில்ல? அது போதும்." புதிதாக வந்தவர்களுக்கு வாக்களிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இடது கையால் வாக்குச் சுவிட்சை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அதே நேரம் வலது கையால் பச்சையோ சிவப்போ மஞ்சளோ. கதவு சாத்திய பிறகு அடிக்கும் முதல் மணியிலிருந்து இரண்டாம் மணிவரை, பத்து விநாடி, இரண்டு கையையும் எடுக்கக் கூடாது. ஒரு கையை எடுத்தாலும் பதிவாகாது. "பால் கறக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க, ஒத்தக் கையால கறந்தா செம்பு நிக்காது" என்று காற்றில் கறந்து காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள், இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் கறந்து காட்டுகிறார். முதல் கூட்டத்தொடரில் வடக்கத்தி உறுப்பினர் ஒருவர் பச்சையை மட்டும் கட்டைவிரல் வெளுக்க அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பலகையில் விளக்கே எரியவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்துச் சரிசெய்தார்கள். மாசம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கொறடா உத்தரவு நேற்றே கைக்கு வந்துவிட்டது, கட்டாயம் என்று அடியில் மூன்று கோடு போட்டு. மீறினால் பதவி போகும். எதிர்த்துப் போட்டாலும் மீறல்தான், போடாமல் இருந்தாலும் மீறல்தான். பதினைந்து நாளைக்குள் கட்சி மனசு வைத்து மன்னித்தால் உண்டு. மன்னிக்கிறவர்கள் அருள்நம்பி எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் மன்னிப்பார்கள்.

"திருப்பூர்ல வெடி போடத் தயாரா இருக்கான்" என்றார் அவர், மிட்டாயை மறுகன்னத்துக்குத் தள்ளியபடி. "அந்த நாட்டுல நம்ம பனியனுக்கு வரி போயிருச்சுன்னா அங்க வேலைக்கு ஆள் பத்தாது. பாத்துக்க." அது பொய்யில்லை. நாத்தனார் மகள் அங்கேதான் காஜா எடுக்கிறாள், ஆர்டர் இல்லையென்று வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கிறாள். ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் ஆறு நாளும் வேலை இருக்கும். அவளிடம் போய், நாற்பத்து மூன்று பேர் கதை கேட்க வேண்டும், அதனால் உன் ஆறு நாள் வேலையை எதிர்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பனியனையும் புத்தகத்தையும் ஒரே கயிற்றில் கட்டித் தராசில் வைத்தவன் யாரோ, அவனை ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும். மரியாதையான ஆளாகத்தான் இருப்பான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். "நீ குழுவுல எழுதிக் குடுத்துட்டு வாபஸ் வாங்குனியாமே, அதெல்லாம் மேல குறிச்சு வச்சிருக்காங்க, நல்லவிதமாத்தான்" என்றார் அருள்நம்பி. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுக்கிற குரல். அவள் "சரிண்ணே" என்றாள். அந்தச் சரிண்ணே வாயை விட்டுப் போன வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மணி நின்றது. நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் அடித்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் ஓசை. அவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள். சபாநாயகர் இந்தியில் சொல்வதைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பெண் தமிழில் சொல்வாள். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். வாக்கியத்துக்கு நடுவே எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்கும், தாளைத் திருப்புகிற சத்தம் கேட்கும். இவளுக்கும் ஐந்தரை மணிக்கு எங்கேயாவது டம்ளரில் சாய்த்த போன் இருக்குமோ. "உறுப்பினர்கள் இரண்டு கைகளையும் பயன்படுத்தி," என்றது குரல், "இரண்டாவது மணி ஒலிக்கும்வரை." முதல் மணி. இளநகை இடது கையால் சுவிட்சை அமுக்கினாள். வலது கை விரல் பச்சையில் இருந்தது, அமுக்கினாள். அவ்வளவுதான், இதற்கா இத்தனை. எதிரே பெரிய பலகையில் எண்கள் பத்திலிருந்து இறங்கத் தொடங்கின. ஒன்பது. எல்லாரும் குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பேருந்து பள்ளத்தில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்கிற மாதிரி. எட்டு. காதொலிப்பான் எப்போதும் தளர்வு, சரியாக மாட்டவில்லை, கொண்டைமேல் வழுக்கியது. ஏழு. அது கன்னத்துக்கு வந்தது, பிறகு தோளுக்கு, இடது கை போய் அதைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் தெரிந்தது. அவள் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, விழுகிறதைப் பிடிக்கிற கை. ஆறு. திரும்ப வைத்துவிடலாம், வைத்தால் பதிவாகிவிடும், இன்னும் நேரம் இருக்கிறது. ஐந்து. கையிலிருந்த காதொலிப்பானுக்குள் அந்தப் பெண் மெல்லத் தொண்டையைச் செருமினாள், மறந்துபோய் ஒலிவாங்கியைத் திறந்தே வைத்திருக்கிறாள் போல. நான்கு. பச்சையில் வலது விரல் அமுங்கியபடியே இருந்தது, பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மூன்று. வை, இளா, கையை வை. திருப்பூர். ஆறு நாள். பதினைந்து நாள். மேலும், பதினோராவது பிரிவில். இரண்டு. இடது கை காதொலிப்பானைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. இதுவரை எத்தனையோ முறை சொன்ன பேச்சைக் கேட்ட கை. இரண்டாம் மணி.

பலகையில் விளக்குகள் எரிந்தன. பச்சை, பச்சை, நடுவே சிவப்புத் திட்டுகள், மூன்றோ நான்கோ மஞ்சள். அவள் இருக்கைக்கான இடம் விழுந்த பல் மாதிரி இருண்டிருந்தது. சரிபார்ப்புக்கு உட்பட்டு, என்றது தோளில் தொங்கிய குரல், ஆம் இருநூற்று எண்பத்தேழு, இல்லை நூற்று எண்பத்தொன்று. மேசைகளைத் தட்டினார்கள். அருள்நம்பியும் இரண்டு கையாலும் தட்டினார், தட்டிக்கொண்டே பலகையை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நின்றார். "ஏம்மா, உன் லைட்டு எங்க?" அவள் காதொலிப்பானைக் காட்டினாள். "நழுவிருச்சுண்ணே. பிடிச்சேன்." ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "ரெண்டு வருஷமாக் கறந்து காட்டுறேன், செம்பக் கவுத்திட்டியே! பச்ச அமுக்குனியா?" "அமுக்குனேன்." "அப்புறம் என்ன, சீட்டு வாங்கி எழுதிக் குடு. எண்ணிக்கையில சேத்துக்குவாங்க." கையை உயர்த்திப் பணியாளரைக் கூப்பிட்டார். வெள்ளைச் சீருடைக்காரர் வரிசைக்குள் நுழைந்து பச்சைச் சீட்டு ஒன்றை அவள்முன் வைத்துவிட்டு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சைகை காட்டி அடுத்த வரிசைக்குப் போனார். பெயர், இருக்கை எண், தேதி, கையெழுத்து. ஆம் என்பது ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அருள்நம்பி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்ல, எழுந்து திரும்பிக் கைகுலுக்க ஆரம்பித்தார், திருப்பூர் என்றார், வெடி என்றார், எல்லாரும் சிரித்தார்கள். இளநகை சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நல்ல தடித்த தாள். பேனாவின் மூடியைக் கழற்றவில்லை, அதை அருள்நம்பி மேசையில் விட்டிருந்த தாளின்மேல் வைத்தாள். மேசைக்கடியில் அந்தச் செருப்பு இப்போது தானாகவே காலில் வந்து இடித்தது, நுழைத்துக்கொண்டாள். சீருடைக்காரர் கடைசி வரிசையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். அவள் கைப்பையைத் திறந்து உப்பள நாவலை வெளியே எடுக்காமலேயே விரித்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மடிப்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, எழுதாத பச்சைச் சீட்டை அதில் வைத்து மூடினாள்.